வராத போன்

"எட்டு நாளா எங்கம்மா போனும் கையுமா உக்காந்திருந்தாங்க. கொரோனா ரிசல்ட்டை ஒரு வார்த்தை சொன்னீங்களா? நேத்து மூச்சு முட்டியே போயிட்டாங்க!"

சேலையூர் வீட்டு வாசலில் தினகரன் கத்தினான். அவன் அப்பா வேதாசலம் கேட்டைப் பிடித்தபடி நின்றார். 'போன் வரலைன்னா உனக்கு ஒண்ணுமில்ல காந்திமதி' என்று தினமும் மனைவிக்குத் தைரியம் சொன்னவர் அவர்தான்.

சுகாதார ஊழியர் ஏஞ்சல், டெஸ்ட் எடுத்த அன்று நிரப்பிய படிவத்தை நீட்டினாள். "தினமும் கூப்பிட்டோம் சார். ராங் நம்பர்னு வெச்சிடறாங்க. டோர் நம்பரும் இல்ல. ஆஸ்பத்திரியில சொல்லித்தான் வீடே தெரிஞ்சுது."

தினகரன் அதை வாங்கிப் பார்த்தான். "எங்க போன்ல கடைசி நம்பர் ஒண்ணாச்சே! ஏழுன்னு எழுதினது யாரு?"

அது வேதாசலத்தின் கையெழுத்து. பாசிட்டிவ் என்றால் வாசலில் தகரம் அடித்து மானத்தை வாங்கிவிடுவார்களே என்றுதான் அப்படி எழுதினார்.

"கொஞ்சம் தள்ளிக்கோங்க சார்" என்றான், தகரத்தோடு வந்தவன்.