நான் கிடந்தாலும்

அவன் ஏணியில் பாதி இறங்கிவிட்டான்.

முதுகில் காற்று சிலிண்டர் இல்லை. அது கப்பலின் பின்கோடியில் இருந்தது. இந்தக் கப்பலில் முன்னாலிருந்து பின்னால் போய் வருவது ஒரு தெருவை அளந்து வருகிற மாதிரி. வாக்கி டாக்கியில் கத்திவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் காலை உள்ளே விட்டிருந்தான்.

கீழே, ஏணி முடிகிற இடத்தில், உடல் முழுக்க மூடும் ஆரஞ்சு பாய்லர் சூட் ஒன்று குப்புறக் கிடந்தது.

இஞ்ஞாசி.

மச்சினன். மெற்றில்டாவின் தம்பி. இதுதான் அவனுக்கு முதல் கப்பல். கிடங்கு மூடியைத் திறக்கப் போனவன் டீக்கு வரவில்லை. தேடி வந்தால் மூடி திறந்து கிடக்கிறது. உள்ளே இது.

தூத்துக்குடியில் வழியனுப்பும்போது மெற்றில்டா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"எந் தம்பிய முழுசா கொண்டாந்து சேத்துரணும். கேட்டியளா?"

இன்னும் கொஞ்சம்தான்.

கப்பல் நிறைய நிலக்கரி. எந்த ஊர் மலையோ, எந்த வீட்டு டியூப்லைட்டில் எரியப் போகிறதோ. கடல் மேல் சும்மா படுத்துக் கிடப்பதாகத் தோன்றும். சும்மா கிடப்பதில்லை. மூடிய கிடங்கில் இருக்கும் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும்.

ஏறிய முதல் நாளே மச்சினனுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது அவன்தான். சிலிண்டர் இல்லாமல் இறங்காதே. உள்ளே எவன் கிடந்தாலும். நான் கிடந்தாலும்.

அப்ப இது நம்ம சித்தப்பா மாதிரி, பந்தியில் மிச்சமே வைக்காது என்று சிரித்தான் இஞ்ஞாசி.

கால் கரியில் பட்டது.

எவ்வளவு அமைதி.

மூச்சு வந்துகொண்டுதான் இருந்தது. அதற்குள் ஒன்றும் இல்லை.

கரி மெல்ல அலையடித்தது. கறுப்புக் கடல். அதன் மேல் விளக்குகள் ஒவ்வொன்றாக ஏறின. யார் யார் வீட்டுச் சன்னல்களோ. ஒன்றில் மெற்றில்டா தலை துவட்டிக்கொண்டிருந்தாள். நின்னது போதும், உட்காருங்க என்றாள்.

உட்கார்ந்தான். உட்கார்ந்தது அவனுக்கே தெரியவில்லை.

சூட்டைப் புரட்டி, நெஞ்சோடு அணைத்துத் தூக்கினான்.

கனமே இல்லை.

கழுத்துப் பக்கம் பழந்துணி பிதுங்கியது. தலை இருக்க வேண்டிய இடத்தில் சாக்கு.

முழங்காலில் மெற்றில்டா தைத்த ஒட்டு.

அவனுடைய சூட். மீட்புப் பயிற்சிக்குப் பொம்மை செய்கிறோம் என்று போன மாதம் கேட்டபோது அவனே தூக்கிக் கொடுத்தது. நேற்றைய பயிற்சியில் இதை இறக்கியிருக்கிறார்கள். மழை பிடித்ததும் அப்படியே விட்டு மூடியிருக்கிறார்கள். அந்த நேரம் அவன் சுக்கான் பிடித்துக்கொண்டிருந்தான். இஞ்ஞாசி இங்கே பயிற்சியில் நின்றிருப்பான்.

அப்படியானால் இஞ்ஞாசி நன்றாக இருக்கிறான். மேலே, எங்கோ வெயிலில்.

சிரிப்பு வந்தது. பொம்மையை விட மனமில்லை. மடியிலேயே வைத்துக்கொண்டான்.

"அத்தான்!"

உச்சியில் வட்டமாகத் தெரிந்த வானத்தில் அந்தத் தலை.

இறங்காதல என்று சொல்ல வாய் திறந்தான். வாய் திறந்தது, அவ்வளவுதான்.

வட்டம் இருண்டது. இரண்டு கால்கள் முதல் படியைத் துழாவின.

தோளில், பொம்மையைத் தூக்க எடுத்துவரப் போன கயிறு.

முதுகில் ஒன்றும் இல்லை.