இருங்க டாக்டர்!

"உனக்கெல்லாம் சூடு சொரணையே கிடையாதா?"

ஆஸ்பத்திரி வராந்தாவில் கால் வைத்ததும் வைக்காததுமாகத் தம்பி மனைவியைப் பிடித்துக்கொண்டாள் நாத்தனார்.

"மெதுவா அண்ணி. உள்ளே ஆபரேஷன் நடக்குது."

"அதைத்தாண்டி கேக்கறேன்! என் தம்பி வயித்துக்குள்ள துணியை வச்சுத் தைச்சானே, அதே டாக்டர்! அவன் மேல கேஸ் போட்டு, நாயா அலைஞ்சு ஜெயிச்சவ நீ. இப்போ பெத்த பொண்ணை அவன் கத்திக்கே கொண்டுவந்து கொடுத்திருக்கியே!"

"குடல்வால் வீங்கியிருச்சு அண்ணி. உடனே எடுக்கணும்னுட்டாங்க."

"ஊர்ல வேற ஆஸ்பத்திரியே இல்லையா? எனக்குப் பித்தப்பைக் கல்லெடுக்க நாள் குறிச்சிருக்காங்களே, அங்கே போய்ப் பாரு. தரையில முகம் தெரியும். டாக்டர் கைராசிக்காரர். இன்னிக்கு வரைக்கும் அவர் மேல ஒரு கேஸ் உண்டா?"

தம்பி மனைவி, மகளின் தலையிலிருந்து கழற்றிய கிளிப்பைத் திருகிக்கொண்டே கதவைப் பார்த்தபடி இருந்தாள்.

நாத்தனாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தம்பி பட்ட பாடு மறக்குமா? ஆபரேஷன் முடிந்தும் வலி, வலி என்று சுருண்டவனை, "எல்லாம் பிரமை" என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். வேறு இடத்தில் மறுபடி வயிற்றைத் திறந்தபோதுதான் துணி வெளியே வந்தது. மலையையே லாரியில் ஏற்றுவேன் என்று பேசுகிறவன் மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தான். இன்று உள்ளே படுத்திருக்கும் பெண்ணை அன்று இடுப்பில் வைத்துக்கொண்டு இவள்தான் கோர்ட் படி ஏறினாள்.

"ஏதாவது கொடுத்து உன்னைச் சரிக்கட்டிட்டாங்களா? ஊரு அப்படித்தான் பேசும்."

"பேசட்டும். கொஞ்சம் சும்மா இருங்க அண்ணி. இப்போ எண்ணுவாங்க."

"எதை?"

கதவுக்கு மேலே இருந்த சின்ன ஸ்பீக்கர் கரகரத்தது. உள்ளே ஒரு நர்ஸ், ரத்தம் ஒற்றியெடுத்த துணிகளை ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டு எண்ணினாள்.

"தைக்கலாமா சிஸ்டர்?" இது டாக்டர்.

"இருங்க டாக்டர்! ஒண்ணு குறையுது."

நாத்தனார் தம்பி மனைவியின் கையை எட்டிப் பிடித்தாள். அந்தக் கை ஏற்கெனவே சில்லிட்டிருந்தது.

"ஐயோ, அவசரப்பட்டுத் தைச்சிடப் போறான்டி..."

"நல்லாத் தேடுங்க சிஸ்டர். நான் ஊசியைத் தொடலை."

தட்டுகள் உருளும் சத்தம். யாரோ குனிந்து தேடுகிற சத்தம்.

"கிடைச்சிருச்சு டாக்டர்! தட்டுக்கு அடியில ஒட்டிக்கிட்டிருந்துச்சு."

"முதல்ல இருந்து எண்ணுங்க. நல்லா சத்தமா. அவங்க அம்மா வெளியில கேட்டுக்கிட்டிருப்பாங்க."

மறுபடி எண்ணினார்கள். இந்த முறை சரியாக இருந்தது. வெளியே இரண்டு பேருக்கும் மூச்சு வந்தது.

"என்னடி இது கூத்து?"

"கோர்ட்ல உனக்கு என்ன வேணும்னு கேட்டாங்க அண்ணி. நஷ்ட ஈட்டோட இதையும் கேட்டேன். தைக்கிறதுக்கு முன்னாடி, வெளியில நிக்கிற சொந்தக்காரங்க காதுல விழற மாதிரி எண்ணணும்னு. அன்னிக்கு எண்ணியிருந்தா அவர் அப்படிக் கிடந்திருப்பாரா? அந்த டாக்டரே எழுந்து நின்னு, 'செய்யறேம்மா'ன்னாரு. அதுக்கப்புறம் ஒரு ஆபரேஷனுக்குக்கூட எண்ணாம விட்டதில்லையாம்."

நாத்தனாரின் கை தானாகப் போய்த் தன் வயிற்றைத் தடவியது.

"ஏண்டி... நான் போகப் போற ஆஸ்பத்திரியிலயும் இப்படி எண்ணுவாங்கல்ல?"

"தெரியலையே அண்ணி. அங்கே இன்னும் யாரும் கேஸ் போடலையே!"