நடுவில் நின்ற கம்பைலர்

ஒரு மழைநாள் மதியத்தில், பழைய கணினி ஒன்று முப்பத்தைந்து வருடம் கழித்துக் கண் விழித்தது. அதன் திரையில் பச்சை வெளிச்சம் கிணற்றுத் தண்ணீர்போல் மெல்ல அசைந்தது. அன்றைக்கு ஒரு வட்டமாவது வரைந்து காட்டாவிட்டால் அது காயலான் கடைக்குப் போய்விடும்.

வட்டம் வரையச் சொல்ல வந்தவள் துளிர் என்கிற புது நிரல்மொழி. ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாது. அதனால் இருவருக்கும் நடுவில் மொழிபெயர்க்க ஒரு கம்பைலர் நின்றது.

"இந்த ஆமைகிட்ட நான் என்னத்தைப் பேச? இதுக்கு ஞாபகசக்தியே இல்லையே!" என்றாள் துளிர்.

கம்பைலர் சட்டென்று கணினியின் பக்கம் திரும்பியது. "ஐயா, அவசரமே இல்லையாம். நீங்க நிதானமாச் செய்யலாம்னு சொல்றாங்க" என்று கணினியிடம் சொன்னது.

"சரியான வாயாடியா இருக்காளே! மூட்டை மூட்டையாக் கொட்டுறா, எனக்கு மூச்சு முட்டுது" என்று கணினி முனகியது.

"உங்க பேச்சு அவருக்கு ரொம்பப் பிடிச்சிருக்காம், அம்மா. கொஞ்சம் சுருக்கிச் சொன்னா ஒரு சொல் விடாம மனசுல வாங்கிக்குவாராம்" என்றது கம்பைலர் துளிரிடம்.

துளிர் வெட்கப்பட்டுக்கொண்டே தன் பேச்சை நாலு வரியாகச் சுருக்கினாள். கணினி அவசரப்படாமல் ஒவ்வொரு புள்ளியாக வைத்தது. மழை விட்டபோது திரையில் ஒரு முழு வட்டம், குளத்தில் மிதக்கும் நிலாபோல் நின்றது.

"எவ்வளவு மரியாதை தெரிஞ்ச பொண்ணு!" என்றது கணினி.

"எவ்வளவு தன்மையானவர்!" என்றாள் துளிர்.

அந்த இரண்டை மட்டும் கம்பைலர் ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் அப்படியே சொன்னது.