பின்சந்தில் ஒரு பைப்

"கையும் களவுமா புடிச்சிட்டேன்! எல்லாரும் வந்து பாருங்க!"

சம்பங்கி போட்ட சத்தத்தில் ஆண்டர்சன்பேட்டையின் அந்தத் தெருவில் பாதிக் கதவுகள் திறந்துகொண்டன.

அவர் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சந்தில் பக்கத்து வீட்டு ஜோஸ் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். ஒரு கையில் ரெஞ்சு. இன்னொரு கையில் சம்பங்கி வீட்டு டிரம்முக்குத் தண்ணீர் வரும் பைப்.

"இன்னாடா பண்ற என் பைப்ப?"

"ஒண்ணுமில்ல அங்கிள். அஞ்சு நிமிஷம்."

"ஒண்ணுமில்லையா? ஊரே தண்ணிக்கு நாக்கு வறண்டு கெடக்குது. வார்டு ஆபீஸ்ல தொண்ட கிழியக் கத்தி நான் வாங்கின லைன் இது. இதுலயும் கை வெச்சிட்டியா?"

ஜோஸ் ரெஞ்சை நட்டில் மாட்டினான். அழுத கண், தூங்காத முகம்.

காரணம் தெருவுக்கே தெரியும். அவன் வீட்டுக் கூடத்தில் ஆளுயரத்துக்கு நீளமான ஒரு கண்ணாடித் தொட்டி. அதற்குள் கடல். கண்ணுக்கெட்டிய தூரம் கடலே இல்லாத ஊரில் உப்பைக் கரைத்து அவனே உண்டாக்கிய கடல். உள்ளே உயிருள்ள பவளங்கள். அவற்றுக்கு நடுவே நீலமும் மஞ்சளுமாக மீன்கள்.

மார்கழிக் குளிருக்காகத் தொட்டியில் போட்டிருந்த ஹீட்டர் நேற்று அணையாமல் மாட்டிக்கொண்டது. விடியற்காலை ரயிலில் பெங்களூர் வேலைக்குப் போனவன் திரும்பி வருவதற்குள் எல்லாம் வெந்துபோயிருந்தது. பவளங்கள் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டன. தெரு முழுக்கச் செத்த கடலின் வாடை.

அக்கம்பக்கத்தார் துக்கம் விசாரிப்பது போலப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். சம்பங்கி போகவில்லை.

"நாலு மீன் செத்ததுக்கு நான் போய் மாரடிக்கணுமா?" என்று மனைவி பார்வதம்மாவிடம் சீறினார்.

அவருடைய பகை பழையது. ஜோஸின் அப்பா சிரில் போர்வெல் போட்ட வருஷம்தான், தங்கச் சுரங்கத்தை மூடிய பிறகு சம்பங்கி தன் கையால் தோண்டிய கிணறு வற்றியது. சிரில் செத்துப்போனார். கோபம் சாகவில்லை. இறங்கி வந்து பிள்ளையின் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

"கேளுங்கய்யா!" சம்பங்கி கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "மீனுக்கு ஒரு குடம் நல்ல தண்ணி வேணும்னா, இவன் வீட்டு ஆர்.ஓ. மெஷின் மூணு குடத்த வெளிய தள்ளுது. மூணு குடம்! அம்புட்டும் சாக்கடைக்கு! அது பத்தாதுன்னு இப்ப என் லைனு!"

"விடு சம்பங்கி," என்றார் ராஜப்பா. ஒரு காலத்தில் அவரோடு ஒரே ஷிப்ட்டில் சுரங்கத்துக்குள் இறங்கியவர். "எழவு வுழுந்த வீடுய்யா அது."

"யாரு எழவு? மீன் எழவா? கருமாதிக்கு வடை போடுவானா, கேட்டுச் சொல்லு!"

ரெண்டு பேர் சிரித்தார்கள். ஜோஸ் தலையை நிமிர்த்தவில்லை.

"போலீசுக்குப் போன் போடுறேன். திருட்டுப் பய."

"போடுங்க அங்கிள். அவங்க வர்றதுக்குள்ள இந்த நட்ட முறுக்கிடறேன்."

சம்பங்கிக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. அதற்குள் ஈரக் கையோடு பார்வதம்மா ஓடி வந்தாள்.

"ஏங்க, வாய மூடிக்கினு உள்ள வாங்க."

"நீ சும்மா இருடி. இன்னைக்கு இவன வுடப்போறதில்ல."

ராஜப்பா குனிந்து பைப்பைத் தொட்டார். அதன் போக்கிலேயே நடந்தார். சாக்கடை ஓரமாகப் போய், ஒரு கற்பலகைக்கு அடியில் நுழைந்து, ஜோஸ் வீட்டுப் பின்கட்டில் ஏறியது பைப்.

சந்தின் அந்தக் கோடிக்குச் சம்பங்கி நடந்ததே இல்லை. நடந்தால் அந்த வீட்டைப் பார்க்க வேண்டிவரும்.

"சம்பங்கி," ராஜப்பா அங்கிருந்தே சொன்னார். "இது கவுருமெண்ட்டு பைப்போட எங்கயும் சேரலய்யா. இவன் வீட்லேர்ந்துதான் உன் வீட்டுக்கு வருது."

"இன்னா உளர்ற? கவுன்சிலர் குடுத்த லைன்யா அது!"

"கவுன்சிலரு!" பார்வதம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அவரு உங்களக் கழுத்தப் புடிச்சி வெளிய தள்ளாதது ஒண்ணுதான் கொறச்சல். ரெண்டு வருஷமா அந்த மெஷின் தள்ளுற தண்ணியிலதான் நான் பாத்திரம் வெளக்கறேன், நீங்க குளிக்கிறீங்க. நெசத்தச் சொன்னா டிரம்மயே ஒடச்சிருப்பீங்க. அதான் நானும் சொல்லல. இந்தப் புள்ளையையும் சொல்ல வுடல."

சம்பங்கி எல்லா முகங்களையும் ஒருமுறை பார்த்தார். பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசியில் ஒரு கேள்வி கிடைத்தது.

"அப்படின்னா... மீனுங்கதான் செத்துப்போச்சே. இனிமே அந்த மெஷின் ஓடப்போறதில்லயே. அப்புறம் எதுக்குடா இந்த பைப்ப நோண்டற?"

குரல் பாதியாகிவிட்டிருந்தது.

ஜோஸ் நட்டை இறுக்கிவிட்டு, முழங்காலைப் பிடித்தபடி மெல்ல எழுந்தான்.

"மெஷின் ஓடாதுன்னுதான் அங்கிள், பைப்ப நேரா எங்க போர்லயே சேத்துட்டேன். காலைல நீங்க குளிக்கணும்ல?"