நிறுத்தி வைத்த வண்டி

“வீட்டுல நின்னா ஒண்ணும் ஆகறதில்லண்ணே. ஆபீஸ்ல நின்னா மட்டும்தான் பேட்டரி செத்துப்போகுது” என்றாள் அவள்.

எலக்ட்ரீஷியன் பானெட்டைத் தூக்கி நிறுத்திவிட்டுச் சிரித்தார். “ஆபீஸ் போனா மனுஷனுக்கே அப்படித்தானேம்மா இருக்கு. வண்டி என்ன பாவம் பண்ணுச்சு?”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கார் அவள் கணவருடையது. அவர் காய்ச்சலில் படுத்திருந்ததால் அவளே ஓட்டி வந்திருந்தாள். சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது வண்டி உயிரில்லாமல் கிடக்கிறதாம். போகிற வருகிறவர்களைக் கெஞ்சித் தள்ளச் சொல்லித்தான் கிளப்பிக்கொண்டு வருகிறாராம்.

“வெயில்ல நிறுத்தறாரா?”

“இல்லண்ணே. கட்டடத்துக்கு அடியில பார்க்கிங். வெயிலே படாதுன்னு சொல்லுவாரு.”

“அப்ப எங்கயோ கரண்டு கசியுது. குழாய் சரியா மூடலைன்னா சொட்டிக்கிட்டே இருக்குமே, அது மாதிரி. கவலைப்படாதீங்க, புடிச்சிடலாம்.”

பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றி நடுவில் மீட்டரை மாட்டினார். கதவுகளைச் சாத்திவிட்டு, வண்டி முழுக்க அடங்கும்வரை காத்திருந்தார். எங்காவது ஒரு விளக்கு திருட்டுத்தனமாக எரிந்தால்கூட மீட்டர் காட்டிக்கொடுத்துவிடும்.

மீட்டர் ஒன்றும் காட்டிக்கொடுக்கவில்லை. கடிகாரம் ஓடுவதற்கு வேண்டிய துளி கரண்டு மட்டும் போய்க்கொண்டிருந்தது. மறுபடி ஒயரை மாட்டி எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தார். சார்ஜ் ஏறுவதிலும் குறையில்லை.

அவருக்கு மண்டை காய்ந்தது. வண்டி தானாகப் பேட்டரியைத் தின்னவில்லை என்றால், யாரோ உள்ளே உட்கார்ந்து தின்னவைக்கிறார்கள்.

உள்ளே எட்டிப் பார்த்தார். ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்து இருக்கை, படுக்கைபோலப் பின்னால் சாய்ந்து கிடந்தது. வெளியே, முன்கண்ணாடிக்குக் கீழே வைப்பர் கிடக்கும் பள்ளத்தில் மஞ்சள் பூக்கள் அப்பியிருந்தன. சில காய்ந்து சருகாகியிருந்தன, சில இன்னும் வாடவில்லை.

“உங்க வீட்டுப் பக்கம் மரம் ஏதாச்சும் இருக்கா?”

“மரமா? எங்க தெருவுல பேருக்குக்கூட ஒரு செடி கிடையாதுண்ணே.”

அவருக்கு அந்தப் பூ தெரியும். பூங்காவின் பின்பக்கத் தெருவில் வரிசையாக நிற்கும் மரங்கள் அவை. அங்கே வண்டியை நிறுத்தினால் கூரையெல்லாம் மஞ்சளாகிவிடும். கட்டடத்துக்கு அடியில் பூ எப்படி உதிரும்?

“சார் எங்கம்மா வேலை பார்க்கறாரு?”

அவள் கம்பெனியின் பெயரைச் சொன்னாள். ஒயரைத் துடைத்துக்கொண்டிருந்த அவர் கை நின்றுவிட்டது.

சாமான் வாங்கப் போகும்போதெல்லாம் அந்த வாசலைத் தாண்டித்தான் போவார். மழைக்காலத்திலேயே கேட்டில் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டார்கள். பெயர்ப் பலகையையும் இறக்கியாயிற்று. ஆட்கள் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டதாகக் காவல்காரர் சொல்லியிருந்தார்.

அவள் கணவரை அவர் பார்த்ததில்லை. ஆனாலும் இப்போது கண்முன் தெரிந்தார். முகம் மழித்து, தேய்த்த சட்டை போட்டு, சாப்பாட்டு டப்பாவோடு காலையில் கிளம்புகிறார். மரத்தடியில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு ஃபேனை மட்டும் போட்டுக்கொண்டு, பொழுது சாயட்டும் என்று படுத்துக் கிடக்கிறார். எத்தனை இடத்தில் ஏறி இறங்கி வேலை கேட்டாரோ. சட்டையைத் தேய்த்து, டப்பாவைக் கட்டி, வாசல்வரை வந்து வழியனுப்புகிற இவளுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது?

துடைத்த துணியை ஓரமாக வைத்தார்.

“என்னண்ணே, கண்டுபிடிச்சிட்டீங்களா?”

“ஆங்… டிக்கி விளக்கும்மா” என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். “மூடின பிறகும் உள்ள எரிஞ்சிக்கிட்டே இருக்கு. சுவிட்ச் மக்கர் பண்ணுது.”

பின்னால் போய் டிக்கியைத் திறந்தார். நன்றாக இருந்த ஒரு திருகைக் கழற்றித் திரும்ப முடுக்கினார். இரண்டு தட்டு தட்டினார். வீட்டில் நிற்கும்போது மட்டும் அந்த விளக்கு எரியாதா என்று அவள் கேட்டுவிட்டால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே இன்னொரு முறை முடுக்கினார். அவள் கேட்கவில்லை. அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“சார் மேல ஒரு தப்பும் இல்லம்மா. அவர்கிட்ட கோவிச்சுக்காதீங்க” என்றார், தேவையில்லாமல்.

“அவர்மேல எனக்கென்னண்ணே கோவம்?”

“அடிக்கடி சுத்தமா இறங்கினதுல பேட்டரி நொந்துபோச்சு. வேற ஒண்ணு போட்டுடுவோம். அப்புறம் நடுவழியில நிக்க வேண்டியிருக்காது.”

அவள் தலையசைத்தாள். அவர் உள்ளே போய், பழையதைப் போலவே ஒன்றை அலமாரியிலிருந்து இறக்கித் தூக்கி வந்தார். ஏதோ ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட நிம்மதியும், இன்னும் எத்தனை நாளைக்கு என்கிற வேதனையும் சேர்ந்து அவரை அழுத்தின. இந்தப் பெண்ணுக்கு விஷயம் தெரியவரும் நாளில் யாராவது கூட இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

அவள் அந்தப் பேட்டரியைப் பார்த்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மெல்லிய குரலில் சொன்னாள்:

“இது வேண்டாம்ணே, இன்னும் பெரிசா போடுங்க… வெயில் காலம் வருது, சாயங்காலம் வரைக்கும் அவருக்கு ஃபேன் ஓடணும்.”