பட்டறைச் சாவி

மாலை மணி அடித்ததும் தச்சுப் பட்டறை காலியாகிறது. ஜன்னல் வெயிலில் மரத்தூள் மிதக்கிறது. சிறையில் தொழில் கற்று, இன்றுதான் இங்கே வேலைக்குச் சேர்ந்தவன் மட்டும் உளிகளை மேசையில் வரிசையாக அடுக்கிவிட்டு, சோதனைக்குக் கைகளை விரித்தபடி சுவரோரம் நிற்கிறான். முதலாளியம்மா எட்டிப் பார்க்கிறார். "என்னப்பா, இன்னும் நிக்கிற?" "உளிய எண்ணிப் பாத்துட்டீங்கன்னா கெளம்பிடுவேம்மா." அவர் அந்தக் கைகளையே பார்க்கிறார். "உளிக்கென்ன கால் முளைச்சா ஓடப்போகுது? பூட்டிட்டுக் கெளம்பு. காலைல நீயே வந்து திற." விரித்திருந்த கையில் சாவியை வைத்துவிட்டுப் போகிறார். பூட்டும் சத்தத்தை இத்தனை வருஷமாக உள்ளேயிருந்தே கேட்டவன், வெளியே நின்று பூட்டுகிறான். இழுத்துப் பார்க்கிறான். தெருவில் யாருமில்லை என்று தெரிந்ததும், மறுபடி திறந்து மறுபடி பூட்டுகிறான்.