காகக் குஞ்சு வழக்கு

வேப்பமரத்துக் குடும்ப நீதிமன்றத்துக்கு ஒரு பெண் குயில்தான் நீதிபதி. அது வாழ்நாளில் ஒரு கூடு கட்டியதில்லை, ஒரு முட்டையை அடைகாத்ததில்லை. குடும்ப விஷயத்தில் பாரபட்சம் பார்க்காது என்று நம்பி நியமித்திருந்தார்கள்.

பிரிந்து போக முடிவு செய்த காகத் தம்பதி ஒன்று அங்கே வந்தது. இருப்பது ஒரே குஞ்சு. அது யாரிடம் வளர்வது என்பதுதான் வழக்கு.

"மூக்கைப் பாருங்க, அப்படியே எங்க அப்பா," என்றது ஆண் காகம்.

"நிறம் யாரோடதாம்? எங்க வம்சத்துக் கறுப்பு," என்றது பெண் காகம்.

குயில் ஒரு மணி நேரம் பெற்றோரின் கடமையைப் பற்றிப் பேசியது. "பெத்துட்டா மட்டும் போதுமா?" என்று கேட்டபோது அதற்கே கண் கலங்கிவிட்டது. பிறகு இருவரையும் ஆலோசனைக்கு அனுப்பி வாய்தா போட்டது. அடுத்து கோடை விடுமுறை வந்தது. அதற்கடுத்து மறுபடியும் ஆலோசனை.

அதற்குள் குஞ்சு நன்றாக வளர்ந்துவிட்டது. கடைசியில் குயில் அதையே கூப்பிட்டது.

"பயப்படாம சொல்லு கண்ணு. உனக்கு யார் வேணும்?"

குஞ்சு தொண்டையைச் செருமிக்கொண்டு வாயைத் திறந்தது.

"குக்கூ."

காகங்கள் இரண்டும் குஞ்சைப் பார்த்தன. பிறகு மெல்லத் திரும்பி நீதிபதியைப் பார்த்தன.

இத்தனை வாய்தாவில் வராத தீர்ப்பு அந்த நொடியே வந்தது. "பெற்றவர்களைவிட வளர்த்தவர்களே உயர்ந்தவர்கள். நீங்கள் இருவரும் சேர்ந்தே இதை வளர்க்க வேண்டும்."

"மேல்முறையீடு கிடையாது" என்பது மட்டும் அடுத்த தோப்பிலிருந்து கேட்டது.